சேணங்களின் விலைச்சீட்டில் ஒரு மாற்றம்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல் நம் கடையின் விலைச்சீட்டுகளில் ‘அனடாமிக்’, ‘குளோஸ் கான்டாக்ட்’, ‘வைட்’ போன்ற சொற்கள் தனித்து நிற்கமாட்டா. ஒவ்வொன்றின் அருகிலும் நாங்கள் அளந்து பார்த்த அளவு இருக்கும்.

சென்ற ஆண்டு ‘வைட்’ என்று எழுதி நாங்கள் விற்ற ஒரு சேணம், அதை அணிந்த குதிரையின் முதுகில் இருபுறமும் புண் உண்டாக்கியது. தவறு எங்களுடையது. சேணத்தினுள் சட்டமாக இருக்கும் ட்ரீயின் அகலத்தைச் சொல்ல நேரோ (குறுகியது), மீடியம் (நடுத்தரம்), வைட் (அகலமானது) என்று எழுதுகிறார்கள். ஆனால் இச்சொற்களுக்கு எல்லாத் தயாரிப்பாளர்களும் ஏற்ற பொது அளவு கிடையாது. ஒருவரின் மீடியம் மற்றொருவரின் வைடாக இருக்கக்கூடும். அகலம் பொருந்தினாலும், ட்ரீ விரியும் கோணம் குதிரையின் தோள்சரிவோடு ஒத்துப்போகாவிட்டால், பாரம் முழுவதும் ஓரிடத்திலேயே இறங்கிவிடும். இறுக்கமான சேணத்தின் அடியில் தடித்த பேட் (மெத்தை விரிப்பு) வைப்பது இடத்தை மேலும் குறைக்குமே தவிர, வலியைக் குறைக்காது. அழுத்தம் பட்ட இடத்தில் பின்னர் வெள்ளை மயிர் முளைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

‘குளோஸ் கான்டாக்ட்’ என்பது ஓட்டுபவரின் காலுக்கும் குதிரையின் விலாவுக்கும் இடையே தோல் அடுக்குகள் குறைவு என்பதையே சொல்கிறது. குதிரையின் முதுகுக்குப் பொருந்துமா என்பதைச் சொல்வதில்லை.

‘அனடாமிக்’ (உடலமைப்புக்கு ஏற்ற) பிரிடில், அதாவது குதிரையின் தலையில் மாட்டும் வார்த்தொகுதி, நல்ல எண்ணத்தில் பிறந்தது. அதன் தலைவார் காதுகளின் பின்புறம் வளைத்து வெட்டப்பட்டிருக்கும். ஆனால் நெற்றிவார் குட்டையாக இருந்தால், அது தலைவாரை முன்னுக்கு இழுத்துக் காதடியில் உரசவைக்கும். வளைவு கொடுத்த நன்மை அங்கேயே போய்விடும். மூக்குவாரை அளவுக்கு மீறி இறுக்கினால் எந்தப் பெயரும் குதிரையைக் காப்பாற்றாது. மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் நுழைய வேண்டும் என்ற பழைய வழக்கம் சரியானதே. விரல்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025இல் போட்டிகளில் இதைச் சோதிக்க அளவுகருவியையே நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

சேணம் வாங்க வரும்போது உங்கள் குதிரையின் முதுகு வரைவை எடுத்துவாருங்கள். சமதரையில் குதிரையை நேராக நிறுத்தி, தோளெலும்பின் பின்விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, வளைத்த வடிவத்திலேயே நிற்கும் கம்பி ஒன்றை முதுகின் குறுக்கே படியவைத்து, அந்த வளைவைத் தாளில் வரைந்தால் போதும். தேதியையும் குறித்துவையுங்கள், ஓய்விலும் பயிற்சியிலும் முதுகின் வடிவம் மாறும். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தாரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகளுக்கு இதை இன்னும் வலியுறுத்துகிறோம். கழுத்தடி மேடு உயர்ந்து, இருபுறமும் தசை வற்றிய நிலையில் வரும் அவை, சில மாதப் பயிற்சியில் வேறு அளவு கேட்கும்.

முன்பு எங்களிடம் ‘வைட்’ என்று வாங்கியவர்கள் சேணத்தைக் கொண்டுவந்தால், கட்டணமின்றி அளந்து தருகிறோம். பொருந்தாததை மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்