வினாத்தாள் அப்படியே இருந்தால் பாடத்திட்டம் மாறி என்ன பயன்?

இளநிலைக் கணிதம், புள்ளியியல் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பெரியோர்களுக்கும், வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாடத்திட்டத்தைத் திருத்துகிறீர்கள். ஓர் அலகு போகிறது, இரண்டு வருகிறது. இப்போது தரவு அறிவியல் என்று ஒரு தாளும் சேர்ந்துவிட்டது. ஆனால் தேர்வு அறையில் மாணவர் கையில் கிடைக்கும் தாள் மட்டும் மாறுவதே இல்லை. ‘தேற்றத்தைக் கூறி நிறுவுக.’ ‘கீழ்க்காணும் தரவுக்குத் திட்ட விலக்கம் காண்க.’ வகுப்பில் ஆசிரியர்களாகிய நாங்கள் எதைப் பேசினாலும் மாணவர் படிப்பது பழைய வினாத்தாள்களைப் பார்த்துத்தான். அதில் அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை, எது மதிப்பெண் தருமோ அதைத்தானே படிப்பார்கள்?

ஒரு தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். மூடிய இடைவெளியில், அதாவது இரு முனைகளும் சேர்ந்த இடைவெளியில், தொடர்ச்சியான சார்பு வரம்புடையது: அதன் மதிப்புகள் இரு நிலையான எண்களுக்கு இடையிலேயே இருக்கும். நிறுவல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வரம்பில்லை என்று வைத்துக்கொள். ஒவ்வோர் இயல் எண்ணுக்கும் சார்பின் மதிப்பு (குறியை விட்டுப் பார்த்தால்) அதைத் தாண்டும் ஒரு புள்ளியை எடு. போல்சானோ-வயர்ஸ்ட்ராஸ் தேற்றத்தின்படி அந்தப் புள்ளிகளில் ஒரு துணைத் தொடர்வரிசை ஒருங்கும், அதாவது ஒரே இடத்தை நெருங்கிக்கொண்டே போகும். ஒருங்கும் இடம் இடைவெளிக்குள்ளேயே இருக்கும். அங்கே தொடர்ச்சி இருப்பதால் சார்பின் மதிப்பு எல்லையின்றி வளர முடியாது, ஆகவே முரண்பாடு. இதை ஒரு வரி பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்குபவர்கள் நிறைய. அவர்களிடமே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “0, 1 ஆகிய இரு முனைகளையும் விட்டுவிட்ட திறந்த இடைவெளியில் ‘1/x’ என்ற சார்பு தொடர்ச்சியானது, ஆனால் வரம்பற்றது. அப்படியானால் மேலே உள்ள நிறுவலில் எந்த வரி உடைகிறது?” அறை அமைதியாகிவிடும். விடை ஒரு வரிதான். புள்ளிகள் 0-ஐ நோக்கிப் போகின்றன, 0 இடைவெளியில் இல்லை, ஆகவே ‘ஒருங்கும் இடம் உள்ளேயே இருக்கும்’ என்ற வரி பொய்த்துவிடுகிறது. ‘மூடிய’ என்ற சொல் தேற்றத்தில் எதற்காக இருக்கிறது என்பது அப்போதுதான் புரியும். இந்தக் கேள்விக்கு மூன்று மதிப்பெண் கொடுத்தால் போதும், அடுத்த ஆண்டு மாணவர்கள் நிறுவலை வேறு கண்ணோடு படிப்பார்கள்.

புள்ளியியலில் நிலைமை இன்னும் மோசம். வினாத்தாளில் வரும் தரவுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. பத்து எண்கள், அவ்வளவுதான். யார் அளந்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1986 ஜனவரி 28 அன்று வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்ணோடம் சாட்சி. முந்தைய இரவு, கடுங்குளிரில் ஏவலாமா என்று பொறியாளர்களும் அதிகாரிகளும் விவாதித்தபோது, ராக்கெட்டின் இணைப்புகளில் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள் சேதமடைந்த முந்தைய பயணங்களை மட்டுமே வைத்துப் பேசினார்கள். அவற்றில் குளிரான நாளும் உண்டு, வெப்பமான நாளும் உண்டு. வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்த விசாரணைக் குழு கண்டது வேறு. வெப்பநிலை 66 டிகிரி பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் 3-ல்தான் சேதம். 63 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த 4 பயணங்களிலோ நான்கிலுமே சேதம். ஏவப்பட்ட அன்று இருந்த குளிர் அதைவிட மிகக் கடுமை. இதில் கடினமான கணக்கு எதுவும் இல்லை, பள்ளி மாணவரே எண்ணிவிடலாம். சேதமான பயணங்களின் பட்டியலை மட்டும் வினாத்தாளில் கொடுத்து, “முடிவெடுக்கும் முன் இன்னும் எந்தத் தரவைக் கேட்பீர்கள்?” என்று ஏன் கேட்கக் கூடாது?

படம் வரைவதும் அப்படித்தான். 1973-ல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கம்ப் நான்கு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் சராசரிகள் ஒன்றே, இரு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு ஏறக்குறைய 0.816, பொருத்தப்படும் நேர்கோடும் அதேதான். வரைந்து பார்த்தால் ஒன்று வளைகோடு, இன்னொன்றில் ஒரே ஒரு விலகிய புள்ளி மொத்தக் கோட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. நம் தேர்வில் நான்குக்கும் ஒரே விடைதான், நான்குக்கும் முழு மதிப்பெண்தான்!

பி மதிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளைவு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால் (இதுதான் இன்மை எடுகோள்), கிடைத்த அளவுக்கோ அதற்கு மேலோ விலகிய தரவு வருவதற்கான நிகழ்தகவு அது. அது இன்மை எடுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு அல்ல என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. ஆராய்ச்சியாளர்களுக்கே இந்தக் குழப்பம் என்றால், ‘0.05-க்குக் கீழே, ஆகவே நிராகரி’ என்று மட்டும் எழுதிப் பழகிய மாணவர்களை என்ன சொல்வது?

உங்கள் பதில் எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ஒரே விடை இல்லை, ஆயிரக்கணக்கான தாள்களை எப்படித் திருத்துவது? நியாயமான கவலைதான். ஆனால் மேலே சொன்ன கேள்விகளுக்கு விடைக்குறிப்பு எழுத முடியாது என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. உடையும் வரியைச் சுட்டினால் ஒன்று, எடுத்துக்காட்டோடு காரணம் சொன்னால் மேலும் இரண்டு. இரண்டு பக்க நிறுவலைத் திருத்துவதைவிட இது சீக்கிரம் முடியும்.

கற்பிக்கும் முறையை மாற்றுங்கள் என்று எங்களுக்கும் சுற்றறிக்கை வருகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. 2014-ல் ஸ்காட் ஃப்ரீமனும் சகாக்களும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்களை யோசிக்கவும் பேசவும் வைத்த வகுப்புகளில் 21.8 சதவீதம். சரி, வகுப்பில் யோசிக்க வைக்கிறோம். அப்புறம் தேர்வு வந்து ஒப்பிக்கச் சொன்னால்? “இது தேர்வுக்கு வருமா?” என்று கேட்கும் மாணவருக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

முழுத் தாளையும் மாற்றச் சொல்லவில்லை. கால் பங்கு மதிப்பெண்ணைக் காரணம் கேட்கும் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். ஓராண்டு முன்பே மாதிரி வினாக்களை விடைக்குறிப்போடு வெளியிடுங்கள், யாரும் பதற வேண்டியிருக்காது. நேரம் எங்கே என்று கேட்டால், திட்ட விலக்கத்துக்கான படி விலக்க முறையிலிருந்து தொடங்கலாம். பெரிய எண்களைக் கையால் பெருக்கும் சிரமத்தைக் குறைக்க வந்த குறுக்குவழி அது. மாணவர் எல்லார் கையிலும் கணிப்பான் இருக்கும்போது அதற்கு வகுப்புகளைச் செலவழிப்பது வீண். அந்த வகுப்புகளை எங்களிடம் விட்டால் சேலஞ்சர் தரவை முழுதாக, வரைபடத்தோடு நடத்திவிடலாம்.

இப்படிக்கு,
இளநிலை வகுப்புகளுக்குக் கணிதமும் புள்ளியியலும் நடத்தும் ஓர் ஆசிரியர்