ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்

ஆஸ்கர் விழாவை நடத்தும் அகாடமியினருக்கு,

வணக்கம். 2025 விழாவில், சிறந்த பாடல் விருதுக்குப் பரிந்துரைத்த பாடல்களில் ஒன்றைக்கூட நீங்கள் மேடையில் பாட வைக்கவில்லை. நேரம் போதாது என்றால் சரி. ஆனால் பழைய ஜேம்ஸ் பாண்ட் பாட்டுகளுக்கு மட்டும் நேரம் இருந்தது.

எனக்கு 1998 மார்ச் 23 ஞாபகம் வந்துவிட்டது. அன்று வெள்ளை சூட்டில், கிடாரும் கையுமாக உங்கள் மேடையில் நின்றவர் அமெரிக்கப் பாடகர் எலியட் ஸ்மித். நான்கு வருஷம் முன்பு வெளிவந்த அவருடைய முதல் தனி ஆல்பம் 'ரோமன் கேண்டில்', அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஒரு வீட்டின் நிலவறையில், நாலு ஒலித்தடம் மட்டுமே பதியும் ரெக்கார்டரில் பதிவானது. பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதுபோல் பாடுவார். அதே வரியை இன்னொரு முறை பாடி, முதல் குரலின் மேலேயே ஏற்றுவார். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், இரண்டு குரலும் மயிரிழை விலகுவது தெரியும்.

இயக்குநர் கஸ் வான் சான்ட், ஸ்மித்தின் பாடல்களைத் தன் 'குட் வில் ஹண்டிங்' படத்தில் வைத்தார். அவற்றில் 'மிஸ் மிசரி' உங்கள் பரிந்துரைப் பட்டியலுக்கு வந்தது. விழாவில் பாட ஸ்மித்துக்கு மனமில்லை. அவர் பாடாவிட்டால் வேறு ஆளை வைத்துப் பாடவைப்போம் என்று விழா நடத்தியவர்கள் சொன்னார்களாம், வந்தார். உட்கார்ந்து பாடிப் பழகியவர். நாற்காலி கேட்டார், தரவில்லை. மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டை இரண்டு நிமிடத்துக்குள் நறுக்கி, கூடவே ஆர்கெஸ்ட்ராவையும் சேர்த்தார்கள்.

அடுத்து 'டைட்டானிக்' படப் பாட்டைப் பாடியவர் செலின் டியான். விருது 'டைட்டானிக்' பாட்டுக்குத்தான் போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. செலினை யாராவது கிண்டலடித்தால்கூட ஸ்மித் விட மாட்டார், அவர் நல்ல மனுஷி என்பார்.

அப்புறம் பெரிய இசைக் கம்பெனியில் ஸ்மித்தின் இரண்டு ஆல்பம் வந்தது. 2003 அக்டோபர் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தபோது அவருக்கு வயது 34. அவற்றில் ஒன்றான 'ஃபிகர் 8' அட்டைப் படத்தில் அவர் நின்ற சன்செட் புலவார்டு சுவரில் ரசிகர்கள் தங்கள் துக்கத்தை எழுதி நிரப்பினார்கள்.

இது ஒருவருக்கு மட்டும் நடந்ததில்லை. 2009இல் எங்கள் ரஹ்மான் பாடியபோதும், பரிந்துரைத்த மூன்று பாடல்களையும் ஒரே கதம்பமாக்கினீர்கள். அந்த மூன்றில் ஒன்றின் பாடகரான பீட்டர் கேப்ரியல், தன் பாட்டுக்குக் கிடைப்பது 65 விநாடிதான் என்று தெரிந்ததும் பாட மறுத்துவிட்டார்.

பரிந்துரைக்கும் பாடல்களை முழுசாகப் பாட விடுங்கள். உட்கார்ந்து பாடுகிறவர் வந்தால் ஒரு நாற்காலி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்