ஏரி உறையும் முன்

மயிலாப்பூர், சென்னை
மார்கழி 12

அன்பு சேகர்,

இங்கே மழை ஓய்ந்து, சபா கேன்டீன்களில் கூட்டம் அலைமோதுகிறது. உங்கள் கனடாவின் சிம்கோ ஏரி உறைந்ததும் நண்பர்களோடு ஸ்னோமொபைலில், அதுதான் அந்தப் பனி வண்டியில், ஏரிமேல் போகப் போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம்தான், ஆனாலும் மனசு அடித்துக்கொள்கிறது.

கண்ணாடி மாதிரி தெளிவாக, கருப்பாகத் தெரியும் புது ஐஸ் 5 முதல் 7 அங்குலம் இருந்தால் ஒரு வண்டியைத் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸுக்குப் பாதி பலம்தான், இரண்டு மடங்கு கனம் வேண்டும். ஆகரால், அதாவது ஐஸைத் துளைக்கும் துரப்பணத்தால், துளை போட்டு, டேப்பின் கொக்கியை ஐஸின் அடிவிளிம்பில் மாட்டி அளந்து பார். கருப்பு எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று துளையின் சுவரிலேயே அடுக்காகத் தெரியும். ஓரிடத்தில் அளந்த கணக்கு நூறடி தள்ளிப் பொருந்தாது. ஆறு வந்து விழும் வாய், பாலத்தடி, ஊற்று உள்ள இடம் எல்லாம் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். மேலே பனி கனமாக மூடியிருந்தால் தைரியம் கொள்ளாதே. அது கம்பளி மாதிரி, குளிரைக் கீழே இறங்க விடாது. ஸ்னோமொபைல் கிளப்காரர்கள் கம்பு நட்ட பாதையை விட்டு விலகாதே.

பனி மூடாத மொட்டை ஐஸில், ஸ்டட் என்கிற உலோக முனைகள் இல்லாத டிராக் (வண்டியை ஓட்டும் சுழல் பட்டை) பிடிக்காது. தெறிக்கும் பனியில்தான் இன்ஜின் குளிர்கிறது என்பதால் சூடும் ஏறும். இரவில், ஹெட்லைட் எட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில் போ.

ஐஸில் குத்திப் பிடித்து ஏற உதவும் கூர்முனைப் பிடி, ஐஸ் பிக், கழுத்தில் தொங்கட்டும், பையில் வேண்டாம். ஐஸ் உடைந்து நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சை நிதானப்படுத்து. அதன்பின் கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம் போல. வந்த பக்கமே திரும்பு, அதுவரை உன்னைத் தாங்கிய ஐஸ் அதுதான். பிக்கைக் குத்தி, காலை உதைத்து, வயிற்றால் ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலகு.

வேறொருவர் விழுந்தால் யாரும் ஓடிப் போகக் கூடாது. படுத்தபடி கயிறு வீச வேண்டும். நிறுத்தும்போது வண்டிகளை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். குடித்தவர் யாராயிருந்தாலும் சாவியை வாங்கி வை. மீன்பிடிக் குடில் பக்கம் மெதுவாகப் போ. வெடிப்போ திறந்த நீரோ கண்டால் பின்னால் வருபவருக்குக் கை காட்டி, அன்றே கிளப்புக்கும் சொல்லிவிடு. வழியில் கிடக்கும் முள்ளை ஓரம் போடாமல் நாம் நடந்ததில்லையே.

மிதக்கும் கயிறு 50 அடியாவது வேண்டும். வாங்கிவிட்டாயா? உன் கூட்டத்தில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்றும் எழுது.

அன்புடன்,
ரகு