பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தயாரிப்பவர்களுக்கும் அதற்கு விதி வகுப்பவர்களுக்கும்

வணக்கம்.

அம்மாவுக்கு மூச்சுத் திணறிய ஓர் இரவு முழுக்க உங்கள் கருவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். விரலில் மாட்டியதும் நகத்தைச் சுற்றிச் சிவப்பு வெளிச்சம் கசிந்தது. திரையில் 94, அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் 94 சதவீதம். அம்மாவோ நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினார். 94 இருக்கிறதே, விடியட்டும் என்று இருந்துவிட்டேன். காலையில் மருத்துவமனையில் தமனி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்: 87. அதே நேரம் விரலில் இருந்த கருவி 93 காட்டிக்கொண்டிருந்தது. அம்மா பிழைத்துவிட்டார். நாங்கள் நல்ல கறுப்பு.

அதற்கப்புறம்தான் இந்தக் கருவியைப் பற்றித் தேடிப் படித்தேன். அது விரலுக்குள் இரண்டு ஒளிகளைச் செலுத்தி அளக்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் 660 நானோமீட்டர் சிவப்பொளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். 940 நானோமீட்டர் அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஆக்ஸிஜன் இழந்தது இதற்கு நேர்மாறு. ஆனால் தோல், எலும்பு, சிரை ரத்தம் எல்லாமே ஒளியை உறிஞ்சுமே? இதற்கு 1970களின் தொடக்கத்தில் வழி கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி. ஒவ்வொரு துடிப்பிலும் விரலுக்குள் தமனி ரத்தம் ஒரு கணம் கூடிக் குறைகிறது. அப்போது ஏறி இறங்கும் ஒளியை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும், மாறாமல் நிற்பதெல்லாம் விலகிவிடும். இதைப் படித்தபோது உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

இந்தக் கணக்குப்படி தோலின் நிறமும் விலகியிருக்க வேண்டும். நடைமுறையில் முழுதாக விலகவில்லை. இரண்டு ஒளிகளின் விகிதத்தைச் சதவீதமாக மாற்றும் அட்டவணை வெறும் சூத்திரத்தில் பிறந்ததல்ல. ஆரோக்கியமானவர்களை ஆக்ஸிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, சுமார் 70 சதவீதம் வரை இறக்கி, தமனி ரத்தத்தோடு ஒப்பிட்டு எழுதியது. அப்படியென்றால், யாருடைய விரல்களை வைத்து எழுதினீர்கள்?

மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் 2013 வழிகாட்டி, இந்தச் சோதனைக்குக் குறைந்தது 10 பேரைக் கேட்டது. அதில் கருநிறத்தவர் 2 பேர், அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது இருந்தால் போதும். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், உண்மை அளவு 88க்கும் கீழே கிடந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையர்களிடம் 3.6 சதவீதம். 2025 ஜனவரியில் வந்த புதிய வரைவு 150 பேராவது வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் கருவிகள்?

விதி வகுப்பவர்களே, அந்த வரைவை வரைவாகவே கிடக்க விடாதீர்கள். தயாரிப்பவர்களே, எத்தனை பேரிடம், எந்தெந்தத் தோல் நிறத்தில் சோதித்தீர்கள் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். மூன்று புள்ளி வரை முன்பின் ஆகலாம், சில நேரம் அதற்கு மேலும் என்பதைக் கையேட்டின் பொடி எழுத்தில் ஒளிக்காமல் திரையில் காட்டுங்கள். விரல் சில்லிட்டுத் துடிப்பு சரியாகக் கிடைக்காதபோது ஏதோ ஓர் எண்ணைக் காட்டாமல் 'அளக்க முடியவில்லை' என்றே சொல்லுங்கள். இன்னொரு வரியும் வேண்டும்: 'எண் சரியாக இருந்தாலும் மூச்சுத் திணறினால் உடனே மருத்துவரிடம் போங்கள்.' அந்த இரவில் அந்த ஒரு வரி கண்ணில் பட்டிருந்தால் நான் விடியும்வரை காத்திருந்திருக்க மாட்டேன்.