செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை

அன்பார்ந்த தமிழ்ச் சங்க அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

மத்திய அவுஸ்திரேலியாவில் நாம் குடியிருக்கும் அலிஸ் ஸ்பிரிங்ஸ், ஆதிக்குடிகளான அரண்ட மக்களின் மண். அந்த மண்ணின் மூத்தோரை வணங்கித் தொடங்குகிறேன்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதை வாசித்தபோது மண்டபத்தில் 11 பேர் இருந்தோம். பதிவேட்டில் 62 பேர் இருக்கிறார்கள். வராதவர்களும் வாசிக்க வேண்டும் என்பதால், அன்று நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து முழுவதையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரஸ்வதி பூசை ஒக்டோபரில் நடந்தது. பொங்கல் வழக்கம்போல் பூங்காவில், நல்ல கூட்டம். ஞாயிறு தமிழ் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆசிரியர் இருவர். விளையாட்டுப் போட்டி மண்டபம் கிடைக்காமல் தள்ளிப்போய்க் கடைசியில் நடக்கவில்லை. நிர்வாகக் குழு ஆறு தடவை கூடியது.

இனி வானொலித் திட்டம், அதாவது பாலைவனத்து ஆதிக்குடிக் கிராமம் ஒன்றின் வானொலிக்கு நம் சங்கம் மாதாமாதம் அனுசரணை கொடுப்பது. இதைப் பற்றித்தான் சங்கத்துக்குள் நிறையப் பேச்சு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இரண்டு பேர், வட்ஸ்அப்பில் சொன்னவர்கள் அதைவிடக் கூட. "தமிழுக்கே செய்ய ஆளில்லை, ஆதிக்குடிகளின் ரேடியோவுக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்பதுதான் கேள்வி. நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறேன்.

நான் சிறுநீரகச் சுத்திகரிப்புப் பிரிவில் தாதியாக வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். அங்கே வருபவர்களில் பெரும்பாலானோர் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரத்துப் பாலைவனக் கிராமங்களைச் சேர்ந்த ஆதிக்குடி மக்கள். கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு நாலைந்து மணித்தியாலம் மெசினில் இருக்க வேண்டும். அதனால் ஊரை விட்டு, பேரப்பிள்ளைகளை விட்டு இங்கேயே தங்கிவிடுகிறார்கள். அப்படி வந்த ஒரு வயதான அம்மா யாரோடும் கதைக்க மாட்டார், சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். ஒருநாள் அவருடைய பேத்தி கைபேசியில் அவர்களுடைய ஊர் வானொலியைப் போட்டுவிட்டுப் போனாள். யாரோ அவர்களுடைய வாள்பிரி மொழியில் என்னவோ அறிவித்தார்கள். இந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார். சிரித்தார். பிறகு எனக்குத் தன் கையால் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார், அது தன் தங்கச்சியின் மகளாம், அதாவது தனக்கும் மகள்தானாம். அவர்களுக்கும் நம்மைப்போலத்தான், தாயின் சகோதரியும் தாய்.

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத அந்தத் தொண்ணூறுகளில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட வீட்டுப் பிள்ளை நான். நான் சுற்றுவேன், ஐயா காதை ரேடியோவில் வைத்திருப்பார், கை ஓய்ந்தால் குரல் தேய்ந்து போகும், "சுற்று சுற்று" என்று கத்துவார். பிபிசி தமிழோசை, வெரித்தாஸ் வானொலி என்று கேட்போம், எங்கே யார் என்ன ஆனார்கள் என்று அந்தப் பெட்டியில்தான் தெரியும். நம் சங்கத்தில் அப்படிக் கேட்டு வளர்ந்தவர்கள் குறைந்தது இருபது பேராவது இருப்பீர்கள். சொந்த மொழியில் ஒரு குரல் வருவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

சரி, கணக்காகவும் சொல்கிறேன். 2021 குடிசன மதிப்பீட்டில் அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று சொன்னவர்கள் 95 ஆயிரத்துக்கு மேல். நமக்கு எஸ்பிஎஸ் வானொலியில் தமிழ் ஒலிபரப்பு இருக்கிறது, அரசாங்கக் காசில். இந்த நாட்டின் சொந்த மொழிகளை, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அத்தனையையும் சேர்த்து, வீட்டில் பேசும் ஆதிக்குடி மக்கள் ஏறத்தாழ 77 ஆயிரம் பேர்தான். வெள்ளையர் வந்தபோது 250க்கு மேல் இருந்த மொழிகளில், பிள்ளைகள் இன்றும் தாய்மொழியாகக் கற்று வளர்வது ஒரு பன்னிரண்டு மட்டுமே என்று அரசின் தேசிய மொழி அறிக்கையே சொல்கிறது. அவற்றில் ஒன்றுதான் வாள்பிரி. நேற்று வந்த நம் மொழிக்கு இருக்கும் வசதி, ஆதியிலிருந்து இருக்கும் மொழிக்கு அதன் சொந்த நிலத்தில் இல்லை. இதைக் கேட்ட பிறகும் "நமக்கு ஏன்" என்று என்னால் இருக்க முடியவில்லை.

அவர்கள் சும்மா இருந்தவர்களும் அல்லர். 1980இல் நம் ஊரிலேயே ஃப்ரீடா கிளின் என்ற ஆதிக்குடிப் பெண்மணியும் இன்னும் இருவரும் சேர்ந்து காமா என்ற மத்திய அவுஸ்திரேலிய ஆதிக்குடி ஊடகச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நாம் காரில் கேட்கும் 8கின் எஃப்.எம். அதிலிருந்து வந்ததுதான். அப்புறம் 1985இல் செயற்கைக்கோள் வந்து பாலைவனம் முழுக்க ஆங்கிலத் தொலைக்காட்சி கொட்டப்போகிறது, பிள்ளைகளின் மொழி போய்விடும் என்று பயந்து, யுவென்டுமு, எர்னபெல்லா ஆகிய இரண்டு கிராமங்கள் உரிமம்கூட இல்லாமல் தாங்களே தங்கள் மொழியில் ஒளிபரப்பத் தொடங்கின. அதற்குப் பிறகு அரசு விழித்துக்கொண்டு 1987இல் பிராக்ஸ் என்ற திட்டத்தைக் கொண்டுவந்து சுமார் 80 கிராமங்களுக்குக் கருவிகள் கொடுத்தது: செயற்கைக்கோளில் வருவதை வாங்கிக் கிராமத்துக்குள் பரப்பும் சிறிய டிரான்ஸ்மிற்றர், ஒரு மைக், கசெற் பிளேயர், ஒரு சுவிட்ச். சுவிட்சைத் தட்டினால் வெளியிலிருந்து வருவது நின்று ஊர்க்குரல் போகும். நல்ல யோசனை. ஆனால் கருவியைக் கொடுத்த அளவுக்குப் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் பழுது பார்க்கவும் காசு கொடுக்கவில்லை. பல இடங்களில் பெட்டி தூசி பிடித்துக் கிடந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நாமும் அதே பிழையை விடப் பார்த்தோம். போன வருடம் நிர்வாகக் குழுவில் என் முதல் யோசனை, காசு சேர்த்து வானொலிக்கு ஒரு புது ஒலி மிக்சர் வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது. அந்தக் கிராமத்து வானொலியை நடத்துபவரிடம் கேட்டேன். (கிராமத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டார்கள், எழுதவில்லை.) அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: மெசின் இருக்கிறது, பேசுகிறவருக்குக் கொடுக்கக் காசு இல்லை. இன்னொன்று, ஏசி வேலை செய்யவில்லை. கோடையில் நாற்பது பாகை தாண்டினால் டிரான்ஸ்மிற்றர் சூடாகித் தானே நின்றுவிடுகிறது.

அதனால்தான் மாதம் 150 டொலர் அனுசரணை என்று முடிவெடுத்தோம். சமூக வானொலிகள் விளம்பரம் போட முடியாது, மணிக்கு ஐந்து நிமிடம் அனுசரணை அறிவிப்பு மட்டும் சட்டப்படி போடலாம். அந்தக் காசில் சனிக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம், ஒரு மூத்தவர் கதை சொல்ல, ஓர் இளையவர் மைக்கும் மெசினும் பார்க்க, இருவருக்கும் ஏதோ கையில் கொடுக்கிறார்கள். ஏசிக்குத் தனியாகப் பணம் திரட்டினோம், செப்டம்பரில் பூட்டியாகிவிட்டது. இந்தக் கோடையில் வெயிலால் நின்றது ஒரே ஒரு நாள்தானாம்.

ஜூனில் அங்கே போய்வந்தோம். ஒன்பது பேர் வருவதாகப் பெயர் கொடுத்தார்கள், ஆதிக்குடி நிலத்துக்குள் போக எடுக்கும் அனுமதிச் சீட்டுக்கும் ஒன்பது பேருக்குத்தான் விண்ணப்பித்தேன். அதிகாலை ஐந்தரைக்குப் பெற்றோல் செட்டுக்கு முன்னால் நின்றது மூன்று பேர். மற்ற ஆறு பேரில் நால்வர் தகவல்கூடச் சொல்லவில்லை. புட்டும் சம்பலும் ஒன்பது பேருக்குக் கட்டியிருந்தேன்.

போனவர்கள் கண்டதைச் சொல்கிறேன். வானொலி நிலையம் என்பது ஓர் அறை. தரையில் பழைய கம்பளம், சுவரில் இன்னொரு கம்பளம், எதிரொலி வராமல் இருக்க. மேசைக்கு மேலே ஒரு கடதாசி ஒட்டியிருந்தது, கையால் எழுதிய பட்டியல், சில வரிகள் வெட்டப்பட்டிருந்தன. என்ன என்று கேட்டேன். அண்மையில் இறந்தவர்களின் பாட்டுகளாம். ஒருவர் இறந்தால் அவர் பெயரைச் சொல்லக் கூடாது, குரலைப் போடக் கூடாது, குடும்பத்தார் சரி என்று சொல்லும்வரை, அது சில வேளை வருடக்கணக்காகும். வெட்டிய வரிகள் குடும்பத்தார் விடுவித்தவை. பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டியில் அந்தப் பாட்டுகளின் சீடிகள் முகம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நம் ஊரில் வானொலியில் மரண அறிவித்தல் போகும் நேரம் வீடே மௌனமாகுமே, எனக்கு அதுதான் நினைவு வந்தது. அங்கே பெயரைச் சொல்லாமலே மரண வீட்டை அறிவிக்கிறார்கள், உறவு முறையைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். எங்கோ ஒரு நகரத்திலிருந்து பேசும் அறிவிப்பாளருக்கு இது எப்படித் தெரியும்?

மற்றபடி அன்று காலை போனவை: மருத்துவர் வரும் நாள், மழையால் எந்தப் பாதை மூடியிருக்கிறது, பஸ் எப்போது, பின்னேரம் கால்பந்து, அப்புறம் பாட்டு, அப்புறம் ஒரு பாட்டி தண்ணீர்க் கிணறுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொல்லப் பேத்தி திருப்பிச் சொல்வது. தண்ணீருக்கு அவர்கள் மொழியில் "ஙபா". ங என்ற எழுத்தில் தொடங்கும் சொல் நம்மிடம் இல்லை என்றே சொல்லலாம், அரிவரியில் பாடமாக்கியதோடு சரி, அங்கே தண்ணீரே அதில்தான் தொடங்குகிறது. நான் வாள்பிரி என்று ள போட்டு எழுதுவதும் அதனால்தான், ஆங்கிலத்தில் ஆர், எல் என்று இரண்டு எழுத்தால் எழுதும் ஒலி நம்முடைய ள. அங்கே பேசும் பிள்ளை நம் அனுசரணை அறிவிப்பை வாள்பிரியில் பதிவு செய்தபோது "தமிழ்" என்றாள். ழ அச்சொட்டாக வந்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, ஒரு தடவை கேட்டாள், அவ்வளவுதான். அவர்கள் மொழியிலும் அந்த ஒலி இருக்கிறது. கூட வந்த பொருளாளர் அண்ணா கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

2017 ஜனவரி 31ஆம் திகதி அரச ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி, நாம் இருக்கும் வட பிரதேசத்தின் மூன்று சிற்றலை டிரான்ஸ்மிற்றர்களையும் நிறுத்தியது. செலவைக் குறைக்க என்றார்கள். எஃப்.எம். போகாத வெட்டைவெளியில் வாகனத்தில் போகிறவனுக்கு, வேட்டைக்குப் போன குடும்பத்துக்கு இருந்த துணை அது. அதே வருடம் நம் தமிழோசையும் சிற்றலையில் நின்றது, நம்மில் பலர் அதற்கு எவ்வளவு கவலைப்பட்டோம். பெரிய நிறுவனம் கையை எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது இப்படி ஊரார் நடத்தும் சின்ன ஒலிபரப்புகள்தான்.

இனிக் கணக்கு. பொருளாளரின் அறிக்கை தனியே வரும். சுருக்கமாக, சந்தாவும் பொங்கல் அன்பளிப்பும் சேர்ந்து நாலாயிரம் டொலருக்குக் கிட்ட வந்தது. மண்டப வாடகை, காப்புறுதி, வானொலி எல்லாம் போக வங்கியில் கொஞ்சம்தான் மிச்சம். தமிழ் வகுப்புக்குரிய காசில் ஒரு சதம்கூட வானொலிக்கு எடுக்கப்படவில்லை, இதை எழுத்திலேயே சொல்லி வைக்கிறேன்.

சந்தா வருடத்துக்கு 30 டொலர். இந்த வருடம் கட்டியவர்கள் 62 பேரில் 24. இதனால் என்ன நடந்தது தெரியுமா? பன்னிரண்டு மாதம் தருவோம் என்று வாக்குக் கொடுத்த அனுசரணையில் எட்டு மாதம்தான் சங்கக் காசில் கொடுக்க முடிந்தது. இரண்டு மாதம் பொருளாளர் அண்ணாவும் நானும் போட்டோம். ஏப்ரலும் மே மாதமும் கொடுக்கவே இல்லை. அந்த இரண்டு மாதமும் சனிக்கிழமைக் கதை நடக்கவில்லை. நாங்கள் ஜூனில் போனபோது அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தேத்தண்ணி ஊற்றித் தந்தார்கள். நான்தான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். சொல்லிவிட்டுப் பிறகு காணாமல் போகிறவர்களை அவர்கள் வாழ்க்கை முழுக்கப் பார்த்தவர்கள், அந்த வரிசையில் நம் சங்கமும் நின்றது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர் ஐயா, பொருளாளர் அண்ணா, தமிழ் வகுப்பு ஆசிரியைகள் இருவரும், பொங்கல் பானை தந்த குடும்பம், ஏசி பூட்டக் கூலி வாங்காமல் இரண்டு நாள் அங்கே தங்கி வேலை செய்த தம்பி, மண்டபம் கூட்டிய பிள்ளைகள் எல்லோருக்கும்.

வரும் வருடத்துக்கு என்னையே மறுபடி செயலாளர் ஆக்கியிருக்கிறீர்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை என்பதால் ஏற்றுக்கொண்டேன். இரவு வேலை, பிள்ளைகள், இதற்கிடையில் ஒவ்வொருவருக்கும் நான்கு தடவை தொலைபேசி எடுத்துச் சந்தா கேட்க இனி என்னால் முடியாது. 62 பேரில் 60 பேர் கட்டினாலே 1,800 டொலர், அது பன்னிரண்டு மாத அனுசரணை, ஒரு மாதமும் விடுபடாது. வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

ஓகஸ்ட் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மறுபடி போகிறோம். விடுபட்ட இரண்டு மாதக் காசையும் அன்று கொண்டுபோக நினைத்திருக்கிறேன். காலை ஐந்தரைக்கு அதே பெற்றோல் செட்டடி. என் வாகனத்தில் மூன்று இடம் இருக்கிறது, உயரமான வாகனம் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் அனுமதிச் சீட்டு எடுக்க வசதி. சாப்பாடு நான் கட்டிக்கொண்டு வருவேன். சந்தாவை அன்று கையிலும் தரலாம்.

செயலாளர்