சீரியல் வசனகர்த்தாக்களுக்கு, ராயபுரத்திலிருந்து

தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதும் நண்பர்களே,

வணக்கம். நேற்று இரவு சாப்பிட்டுக்கொண்டே ஒரு சீரியல் பார்த்தோம். வீட்டு வேலை செய்கிற அம்மா வாயைத் திறந்ததும் பின்னணியில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். அவர் சொன்னது: "ஐயா மாடில கீது." என் அம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னா, ஐயா நாற்காலியா?" என்றார்.

எங்கள் வடசென்னைப் பேச்சில் கீது என்றால் 'இருக்கிறது', அது பொருளுக்கு. ஆளுக்கு கீறான், கீறா, கீறாரு. என்னைச் சொன்னால் கீறேன். திணையும் பாலும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. நீங்கள்தான் ஒரே கீதுவை எல்லார் தலையிலும் கட்டுகிறீர்கள். (கைக்குழந்தையை மட்டும் நாங்களும் 'தூங்கினு கீது' என்போம். அது செல்லம்.)

அப்புறம் இந்த 'கினு'. மதுரைக்காரர் "வந்துகிட்டு இருக்கேன்" என்பார், மயிலாப்பூர் மாமி "வந்துண்டிருக்கேன்" என்பார், நாங்கள் "வந்துகினு கீறேன்" என்போம். மூன்றும் 'கொண்டு' தேய்ந்து வந்தவைதான். உங்கள் தொடர்களில் கிட்டுவுக்கு வீரம், ண்டுவுக்கு ஆச்சாரம், கினுவுக்கு மட்டும் டொய்ங்.

சொற்களிலும் அப்படித்தான். பேஜாரும் நாஷ்டாவும் உருது தந்தவை, நைனா தெலுங்கு. துறைமுகத்தை ஒட்டிய ஊரில் வேறு எப்படி இருக்கும்? நீங்கள் ரவுடி வாயில் திணிக்கும் கஸ்மாலம் வடமொழிச் சொல். 'அப்பால' நல்ல பழைய தமிழ். சரி, அது போகட்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. உங்கள் கதைகளில் இந்தத் தமிழில் யாரும் வருத்தப்படுவதில்லை, ஆறுதல் சொல்வதில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் கோட்டை விட்ட அன்று, ஆயா, அதாவது என் பாட்டி, மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அழுவாத கண்ணு, நான் கீறேன்ல" என்றார். அதே ஆயா பேங்க் கவுன்ட்டரில், "சார், இத கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்பார். ஒரு கினு இருக்காது. ஆபீசில் நானும் அப்படித்தான், தெருமுனை வந்ததும் நாக்கு தானாகத் திரும்பிவிடும். உங்கள் வேலைக்கார அம்மாவுக்கு மட்டும் காலை முதல் இரவு வரை ஒரே பேச்சு.

ஒருநாள் காசிமேட்டுக்கு வாருங்கள். விடியுமுன்னே மீன் ஏலம் களைகட்டிவிடும். ஓரமாக நின்று கேளுங்கள். நோட்டை மட்டும் வெளியே எடுக்காதீர்கள். வரி வசூலிக்க வந்தவர் என்று நினைத்து எங்கள் பெண்கள் சுத்தமான தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

இப்படிக்கு,
மீன்காரம்மா பேரன்