குளம் வைத்திருப்பவர்களே, ‘கொண்டு வாங்க’ என்று சொல்லும் முன்

அன்புள்ள குளக்காரர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டம், பள்ளி வளாகம், விடுதி முற்றம், குடியிருப்புப் பூங்கா என எங்கோ ஓரிடத்தில் குளம் வெட்டி அழகாக வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர், “தொட்டியில வளர்த்த ஆமைங்க, பெருசாயிடுச்சு. உங்க குளத்துல விட்டுக்கலாமா?” என்று கேட்கிறார். நீங்களும், “அதுக்கென்ன, கொண்டு வாங்க” என்கிறீர்கள். இந்த மடல் அந்தக் ‘கொண்டு வாங்க’வைப் பற்றித்தான்.

ஆமையைக் கைவிடுகிறவர்களுக்குப் புத்திமதி சொல்ல ஆள் நிறைய. வாங்கிக்கொள்கிறவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. உதவ வந்தவரைக் குடைந்து குடைந்து கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிடுகிறோம். வளர்ப்பு ஆமைகளுக்கு இடம் பார்த்துக் கொடுக்கும் வேலையில் இருப்பதால் நான் கேட்டே ஆகவேண்டும். வேலியில்லாத குளத்தில் விட்ட ஆமையும் ஏரியில் கொண்டுபோய்க் கொட்டிய ஆமையும் ஒன்றுதான். இடையில் சில வாரமோ சில மாதமோ தள்ளிப்போகும், அவ்வளவே.

உங்களிடம் வரப்போவது பெரும்பாலும் கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை ஓடும் ரெட் இயர்டு ஸ்லைடராகத்தான் இருக்கும். கடையில் வாங்கும்போது அதன் ஓடு மூன்று சென்டிமீட்டர்தான், பச்சைச் சாயம் பூசிய நாணயம் மாதிரி. பெட்டை வளர்ந்தால் 25 சென்டிமீட்டரைத் தொடும், சில அதையும் தாண்டும். ஆண் சற்றுச் சிறியது, முன்னங்கால் நகங்கள் நீளமாக இருக்கும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டு வாழ்வது அதற்குப் பெரிய விஷயமில்லை. நாற்பது வயதில் நீங்கள் ‘சரி’ சொன்னால், உங்களுக்கு எழுபதாகும்போதும் அது குளத்தில் தலையை நீட்டிக்கொண்டிருக்கலாம். வீட்டை விற்றால், பள்ளி நிர்வாகம் மாறினால், விடுதியை மூடினால் என்ன செய்வீர்கள்? (ஆமை புகுந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்று பழமொழி சொன்னவர்கள், வீடு புகுந்த ஆமைக்கு என்ன ஆகும் என்று யோசித்த மாதிரி தெரியவில்லை.)

இந்த ஆமையின் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் அதையொட்டிய பகுதிகளும். பண்ணைகளில் பொரித்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். வளர்ந்ததும் அலுத்துப்போனவர்கள் பக்கத்து நீர்நிலையில் விட்டார்கள். இன்று உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் (வெளியிலிருந்து வந்து உள்ளூர் உயிர்களை நெருக்கித் தள்ளுபவை) பட்டியலில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இதன் இறக்குமதியைத் தடுத்தது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? மஞ்சள் வயிற்று ஸ்லைடர் போன்ற அதன் பங்காளிகளை இறக்கினார்கள். கடைசியில் 2016இல் அந்த இனம் முழுவதையுமே ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ஜப்பான் 2023 ஜூனில் இதை விற்பதையும் வெளியில் விடுவதையும் தடை செய்தது.

தடை செய்தார்கள், சரி. ஏற்கெனவே வீடுகளில் இருந்த ஆமைகளை என்ன செய்தார்கள்? ஜப்பானில், வைத்திருப்பவர் தொடர்ந்து வளர்க்கலாம், காசு வாங்காமல் இன்னொருவருக்குக் கொடுக்கவும் செய்யலாம். ஐரோப்பாவில், செல்லமாக வளர்ப்பவர் அதன் ஆயுள் முடியும்வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது தப்பித்துப் போகக்கூடாது, பெருகக்கூடாது. உங்கள் குளத்துக்கும் நான் கேட்பது இந்த இரண்டைத்தான். உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதற்குத்தான் முதலிடம். ஆமையைத் தொடுவதற்கு முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.

தப்பித்துப் போவது என்றால் பலருக்குச் சிரிப்பு வருகிறது. “ஆமைதானே, எங்க ஓடிடப் போகுது?” என்கிறார்கள். ஓடும் ஐயா. புதிதாக வந்த ஆமை முதல் சில வாரம் குளத்தைச் சுற்றிச் சுற்றி வழி தேடும். முட்டையோடு இருக்கும் பெட்டை மண் தேடி வெளியே கிளம்பும். ஆண் பெட்டையைத் தேடும். கம்பி வலை அடித்திருந்தால் இன்னும் வசதி, கட்டம் கட்டமாகக் காலை வைத்து ஏறிவிடும். வலைக்கு அப்பால் தெரிகிற பசுமையைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க அந்த ஓரத்தில் நடந்து மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அதனால் வழுக்கலான, மறுபக்கம் தெரியாத பலகையோ சுவரோதான் நல்லது. தரைக்கு மேல் அரை மீட்டர், மண்ணுக்குள் ஓர் அடி, உச்சியில் உள்பக்கமாக நீட்டிய விளிம்பு. மூலைகளை மறந்துவிடாதீர்கள். இரண்டு சுவர் சந்திக்கும் இடத்தில்தான் முதுகைக் கொடுத்து ஏறும், ஒன்றின் மேல் ஒன்று ஏறியும் தாண்டும். மூலைக்கு மேல் ஒரு பலகையை மூடிவிட்டால் போதும்.

வேலி ஆமைக்கு மட்டுமில்லை, நாய்க்கும்தான். சிறிய ஆமைகளாக இருந்தால் காகமும் கொக்கும் வரும், மேலே வலை வேண்டும். உள்ளங்கை அளவுக்குக் கீழே இருக்கும் குட்டியைத் திறந்த குளத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

பெருகுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். “எங்க குளத்துல எல்லாம் பெட்டைங்கதான், அதனால கவலையில்ல” என்று நிம்மதியாக இருக்கிறார்கள். பெட்டை ஸ்லைடர் ஆணோடு சேர்ந்த பிறகு விந்தைத் தன் உடலிலேயே பத்திரப்படுத்தி வைத்து, ஆணே இல்லாத அடுத்த பருவத்திலும் கருவுள்ள முட்டையிடும். முன்பு எந்தத் தொட்டியில் எதோடு இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு பருவத்தில் ஒரு தடவைக்கு மேலும் முட்டையிடும். அதற்காக முட்டையிட இடமே தராமல் விடுவதும் தப்பு. மண் கிடைக்காத பெட்டை முட்டையை உள்ளேயே அடக்கிவைத்து நோய்ப்பட்டுச் செத்துப்போகும். குளத்தின் ஓரத்தில், வெயில் படும் இடத்தில், வேலிக்கு உள்ளேயே பொலபொலவென்ற மண்மேடு ஒன்று போடுங்கள். ஆமை பின்னங்காலால் குழி தோண்டியது தெரிந்தால் அன்றே தோண்டி முட்டைகளை எடுத்து உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் பொரித்த பிறகு இருபது குட்டிகளோடு நீங்களே என் வாசலில் வந்து நிற்பீர்கள்.

இனிக் குளம். தொட்டியை விடக் குளம் நல்லது என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஓடும் எலும்பும் உறுதியாக இருக்க ஆமைக்கு வெயிலில் உள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் வரும் வெயிலில் அது வருவதில்லை. தொட்டிக்கு மேல் போடும் யுவிபி விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் சில மாதங்களில் அதன் யுவிபி குறைந்துவிடும். ஓடு மெத்தென்று ஆகி, எலும்பு வளைந்து வரும் ஆமைகளைப் பார்த்தால் நேரடி வெயிலின் அருமை புரியும். நல்ல குளத்தில் பாதி வெயில், பாதி நிழல் இருக்கும். வெயில் காய ஒரு கட்டையோ பாறையோ இருக்கும், எல்லா ஆமையும் ஒரே நேரத்தில் ஏறும் அளவுக்கு. இடம் போதாவிட்டால் பெரியது சிறியதைத் தள்ளிவிடும்.

பலர் கவனிக்காத ஆபத்து கரைதான். லைனர் (தண்ணீர் கசியாமல் விரிக்கும் தடித்த விரிப்பு) போட்ட குளத்தின் ஓரம் செங்குத்தாக, பாசி படிந்து வழுவழுவென்று இருக்கும். ஒரு சாண் தண்ணீரில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த ஆமைக்கு நீந்தும் வலுவே இருக்காது. ஏறப் பார்க்கும், வழுக்கும், மறுபடி ஏறப் பார்க்கும், களைத்து மூழ்கும். ஆமை தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று கேட்காதீர்கள். அது மூச்சு விடுவது நுரையீரலால். சொரசொரப்பான சாய்தளம் இரண்டு பக்கமாவது வேண்டும்.

உங்கள் தங்கமீன்களும் அல்லியும் பிழைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நில ஆமையைக் குளத்தில் விடச் சொல்லி யாராவது கொண்டுவந்தால் கையோடு திருப்பி அனுப்புங்கள். யானைக் கால் மாதிரி தடித்த காலும் மேடான ஓடும் இருந்தால் அதற்கு நீந்தத் தெரியாது. போட்ட அன்றே முடிந்துவிடும்.

ஆமை கைக்கு வந்ததும் நேரே குளத்தில் போடாதீர்கள். முன்பே உங்களிடம் ஆமைகள் இருந்தால் இது கட்டாயம். தனித் தொட்டி, தனி வலை, தனி வாளி என்று சில வாரமாவது ஒதுக்கி வையுங்கள். பார்வைக்குத் தெம்பாக இருக்கும் ஆமையும் நோய்க்கிருமியையும் ஒட்டுண்ணியையும் கொண்டுவரும். கண் வீங்கி மூடியிருக்கிறதா, மூக்கில் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். தண்ணீரில் விட்டு எதிரில் உட்கார்ந்து நிதானமாகக் கவனியுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தே மிதந்தால் நுரையீரலில் சளி பிடித்திருக்கலாம். ஓட்டில் மெத்தென்ற இடமோ கெட்ட வாடையோ இருந்தால் ஓடு அழுகுகிறது. இவற்றில் எது இருந்தாலும் ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போன பிறகுதான் குளம். அந்தச் செலவு கொடுப்பவருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

வாளித் தண்ணீரில் போட்டுக் காரில் கொண்டுவருகிறார்கள். வண்டி குலுங்கக் குலுங்கத் தண்ணீர் அலைந்து ஆமை அதில் தத்தளிக்கும். காற்றுத் துளை போட்ட பெட்டியில் ஈரத்துண்டு விரித்து, தண்ணீரில்லாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். சில மணி நேரம் தண்ணீரில்லாமல் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது.

வந்த அன்றே அடி ஓட்டைப் படம் எடுத்து வையுங்கள். ஸ்லைடரைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சள் ஓட்டில் கருந்திட்டுகள் இருக்கும். அந்த அமைப்பு ஒன்றுக்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இருக்காது. நாளைக்கு எங்காவது ஓர் ஆமை கிடைத்து, அது உங்களுடையதா என்று கேட்டால், அந்தப் படம்தான் பதில் சொல்லும். அதோடு ஒரு தாளில் கொடுத்தவர் பெயர், தேதி, தோராயமான வயது, என்ன தின்று வளர்ந்தது, உங்களால் முடியாமல் போனால் யார் திரும்ப எடுத்துக்கொள்வது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கடைசி வரிக்குக் கையெழுத்துப் போடத் தயங்குகிறவரின் ஆமையை நான் வாங்கமாட்டேன்.

பள்ளிக் குளமாக இருந்தால் இன்னொன்று. ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருப்பது சகஜம், ஆமைக்கு அதனால் ஒரு தொல்லையும் இருக்காது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்ததால்தான் அமெரிக்கா 1975இல் ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதைத் தடை செய்தது. குளத்தருகே சோப்பும் தண்ணீரும் இல்லாமல் பிள்ளைகளை ஆமையைத் தூக்க விடாதீர்கள்.

எப்போது வாங்குவது என்றால், இரவிலும் குளிராத நாட்கள் தொடங்கிய பிறகு. குளிர்காலம் கடுமையாக இருக்கும் ஊரில், வெதுவெதுப்பான தொட்டியிலிருந்து வந்த ஆமையைக் குளிர் தொடங்கும் நேரத்தில் வெளியில் விட்டால் தாங்காது. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் ஸ்லைடர் அடியில் போய் ஒடுங்கிவிடும். அதற்கு முன்பே வயிறு காலியாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் தின்றது உள்ளேயே கெட்டுப்போகும். அடிவரை உறையாத ஆழமும் வேண்டும். மெலிந்ததும் நோய்ப்பட்டதும் அந்தக் குளிர்காலத்தை வீட்டுக்குள்தான் கழிக்க வேண்டும்.

இவ்வளவும் முடியாது என்று தோன்றினால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். கேட்க வருகிறவர்களில் பலர் ஆமையை வெறுத்து வருவதில்லை. தொட்டியின் நாற்றமும் ஃபில்டர் சத்தமும் தாங்காமல் வருகிறார்கள். பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வெயில் விழும் இடத்தில் வைத்து, ஏற ஒரு பலகையும் பலமான ஃபில்டரும் போட்டுக் கொடுத்தால் தாங்களே வைத்துக்கொள்வார்கள், குறிப்பாக ஆண் ஆமை என்றால். ஒரு மாலை உட்கார்ந்து அதைச் செய்ய உதவுவது, உங்கள் குளத்தில் இடம் கொடுப்பதை விடப் பெரிய உதவி.

ஏற்கெனவே வேலியில்லாத குளத்தில் ஆமைகளை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அவசரத்தில் வேறு யாரிடமாவது தள்ளிவிட வேண்டாம். முதலில் வெயில் காயும் நேரத்தில் தலையை எண்ணுங்கள். வாங்கிய எண்ணிக்கைக்கும் இருக்கும் எண்ணிக்கைக்கும் வித்தியாசம் இருந்தால் அக்கம்பக்கத்து ஓடை, குட்டைகளில் தேடுங்கள், அங்குள்ள வனத்துறை அல்லது வனவிலங்கு அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். அதே வாரத்தில் வேலியைப் போடுங்கள். அதுவரை புதிதாக ஒன்றையும் வாங்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

இப்படிக்கு,
ஆமைகளுக்கு இடம் தேடித் தருவோரில் ஒருவர்